'குழந்தைங்களுக்குப் பிடிக்கும்!' - அனிமேஷன் காமெடிகளை நம்ம விமர்சனங்கள் எப்படிப் பார்க்குது?

அனிமேஷன் படங்களுக்கு நம்ம ஊரில் எழுதப்படும் விமர்சனங்களைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. முதல் பத்தியில் 'இந்தியாவின் முதல்' என்று ஏதாவது ஒரு பெருமை. நடுவில் 'ஹாலிவுட் தரத்துக்கு இல்லை' என்று ஒரு பெருமூச்சு. கடைசி வரியில் 'குழந்தைங்களுக்குப் பிடிக்கும்' என்று ஒரு ஆறுதல் பரிசு. இதில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது. படம் சிரிக்க வைக்குதா, இல்லையா?

எங்க மேட்டுப்பாளையத்துல லீவு விட்டதும் இதே கேள்விதான் வரும். ஊட்டி ரயில் கிளம்புற மேட்டுப்பாளையம் இல்லைங்க. புதுச்சேரியில் தொழிற்பேட்டையும் லாரி முனையமும் இருக்கிற மேட்டுப்பாளையம். ரெண்டு குழந்தைங்களோட ஒரு குடும்பம் தியேட்டருக்குக் கிளம்பினா டிக்கெட், பாப்கார்ன், ஆட்டோன்னு ஆயிரம் ரூபாய் சுலபமா காலி. அவங்க கையில் இருக்கிற போனில் விமர்சனம்னு வர்றது 'கிராபிக்ஸ் எப்படி' என்ற தகவல் மட்டும்தான்னா, அது என்ன விமர்சனம்?

நம்ம நாட்டு அனிமேஷன் குடும்பக் காமெடிகள் எப்படி வரவேற்கப்பட்டன, எங்கே தடுக்கி விழுந்தன, ரேட்டிங்கை எப்படிப் படிக்கணும் என்று ஒரு ரவுண்டு போய் வரலாம்.

எல்லாம் ஆரம்பிச்ச 2007

90ஸ் கிட்ஸின் கடைக்குட்டிகளுக்கும் 2கே கிட்ஸுக்கும் 2007 ரொம்ப முக்கியமான வருஷம். அந்த ஏப்ரலில்தான் சுட்டி டி.வி வந்துச்சு. டோராவும் ஜாக்கி சானும் தமிழ் பேச ஆரம்பிச்சாங்க. 

அதே வருஷம் தியேட்டருக்கு வந்த படம் 'இனிமே நாங்கதான்'. வெங்கி பாபு இயக்கிய முழுநீள அனிமேஷன் காமெடி. இசை இளையராஜா. தமிழில் முழுநீள 3டி அனிமேஷனில் இது முதல் முயற்சி என்பதுதான் படத்தின் விளம்பர அடையாளம். அந்த 'முதல்' என்ற வார்த்தை ஒரு வரமும்கூட, சாபமும்கூட. ஜனங்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும். ஆனா பார்த்தவங்க எல்லாரும் கதையை விட்டுட்டு, பொம்மையோட முடி அசையுதா, தண்ணி நிஜமா தெரியுதா என்று சோதிக்க ஆரம்பிச்சுடுவாங்க.

இந்தப் படத்துக்கு அந்த வருஷத்தின் சிறந்த அனிமேஷன் படத்துக்கான தேசிய விருது கிடைச்சது. 'காஞ்சிவரம்' சிறந்த படம், பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகர் என்று தமிழ் சினிமா கொண்டாடிய அதே 55-வது தேசிய விருதுகள். ஒரே சிக்கல், 2007-ம் வருஷப் படங்களுக்கான அந்த விருதுகள் அறிவிக்கப்பட்டதே 2009 செப்டம்பரில்தான். படம் தியேட்டரை விட்டுப் போய், மறந்தும் போன பிறகு வந்த பாராட்டு. 'காஞ்சிவரம்' பற்றி எல்லாரும் பேசினாங்க. அதே பட்டியலில் ஒரு தமிழ் அனிமேஷன் காமெடியும் இருந்தது என்பது இன்னைக்கு சினிமா க்விஸ்ல கேட்கிற கேள்வியா மட்டும் இருக்கு.

இன்னொரு விஷயம். சிறந்த அனிமேஷன் படம் என்ற தேசிய விருதுப் பிரிவு முதலில் கொடுக்கப்பட்டது 2006-ம் வருஷப் படங்களுக்கு. அதை வாங்கியது தெலுங்கில் வந்த 'கிட்டு', ஒரு குரங்குக் குட்டியின் கதை. அடுத்தது நம்ம 'இனிமே நாங்கதான்'. அதற்கடுத்த வருஷம் இந்தி 'ரோட்சைட் ரோமியோ'. ஆக, முதல் மூணு வருஷமும் குடும்பத்தோட உட்கார்ந்து பார்க்கிற மாதிரியான ஜாலி படங்கள்தான் ஜெயிச்சிருக்கு. அந்தப் பாதையிலேயே போயிருந்தா இன்னைக்கு நமக்குன்னு ஒரு காமெடி அனிமேஷன் மரபே இருந்திருக்கும்.

நாய்க்கும் சிறுத்தைக்கும் கிடைச்ச மார்க்

'ரோட்சைட் ரோமியோ' 2008 தீபாவளிக்கு வந்தது. யஷ்ராஜ் பிலிம்ஸும் டிஸ்னியும் கைகோத்த படம். இயக்கம் ஜுகல் ஹன்ஸ்ராஜ், அனிமேஷன் டாடா எல்க்ஸியின் விஷுவல் கம்ப்யூட்டிங் லேப்ஸ். பணக்கார வீட்டு நாய் ஒன்று மும்பைத் தெருவுக்கு வந்துவிட, அங்கே அது காதலும் வம்பும் பண்ற கதை. சைஃப் அலி கானும் கரீனா கபூரும் குரல் கொடுத்திருந்தாங்க.

விமர்சனங்கள் ரெண்டா பிரிஞ்சது. தொழில்நுட்பத்துக்குக் கைதட்டு, கதைக்குக் கொட்டாவி. டிஸ்னியோட பழைய 'லேடி அண்ட் த ட்ராம்ப்' வாசனை அடிக்குதுன்னு சொன்னாங்க. குழந்தைகள் படம்னா ஏன் இவ்வளவு டபோரி பேச்சு, ஏன் காலேஜ் பசங்க படத்தில் வர்ற மாதிரி காதல் என்ற கேள்வியும் வந்துச்சு. இது நியாயமான கேள்வி. ஆனா எனக்கு இடிக்கிற இடம் வேற. படத்தில் பலரும் பாராட்டியது ஜாவேத் ஜாஃப்ரி குரல் கொடுத்த தாதா நாயை. அதன் பேர் 'சார்லி அண்ணா'. தென்னிந்திய வாடையோட இந்தி பேசும். மும்பையில் உட்கார்ந்து பார்க்கிறவங்களுக்கு அது காமெடி. நம்ம பக்கம் உட்கார்ந்து பார்த்தா, 'மறுபடியும் நாமதானா?'ன்னு தோணும். ஒரே ஜோக், ரெண்டு ஊர், ரெண்டு விமர்சனம். இதை எழுத ஒரு தமிழ் விமர்சகருக்கு அருமையான வாய்ப்பு இருந்தது. கிராபிக்ஸ் தரம் பற்றிய பேச்சில் அது காணாமப் போச்சு.

2012 அக்டோபரில் வந்த 'டெல்லி சஃபாரி' இன்னும் சுவாரஸ்யமான கேஸ். புனேயில் இருந்த கிரேயான் பிக்சர்ஸ் செய்த படம், இயக்கியவர் நிகில் அத்வானி. மும்பைக் காட்டை பில்டர்கள் அழிக்க, ஒரு சிறுத்தைக்குட்டியும் குரங்கும் கரடியும் ஒரு கிளியைக் கூட்டிக்கிட்டு டெல்லிக்கே போய் பார்லிமென்ட்டில் நியாயம் கேட்கிற கதை. கிளி எதுக்குன்னா, மனுஷங்க பாஷை பேச அதுக்கு மட்டும்தான் தெரியும். ஒரே வரியில் அரசியல் நையாண்டியும் குழந்தைக் கதையும் சேர்ந்த ஐடியா. இதுவும் தேசிய விருது வாங்கிச்சு. விமர்சனங்களில் திரும்பத் திரும்ப வந்த பேர் என்ன தெரியுமா? 'மடகாஸ்கர்'. விலங்குகள் பயணம் போனா மடகாஸ்கர், நாய் காதலிச்சா லேடி அண்ட் த ட்ராம்ப். நம்ம அனிமேஷனுக்கு ஒப்பிட எப்பவும் ஒரு ஹாலிவுட் படம் ரெடியா இருக்கும். அந்தக் கிளி சிரிக்க வைச்சதா என்று சொல்ல யாருக்கும் இடம் மிஞ்சாது.

ஒப்பிடவே கூடாதுன்னு சொல்லலை. நம்ம படங்கள் நிஜமாவே காப்பி அடிச்ச இடங்கள் உண்டு. ஆனா, பட்ஜெட்டையும் ஒப்பிடணும் இல்லையா? 2007-ல் வந்த பிக்சாரின் 'ராட்டடூயி' படத்தின் செலவு சுமார் 15 கோடி டாலர். அன்னைய கணக்கில் ஏறத்தாழ 600 கோடி ரூபாய்.

கோச்சடையான்: முகம் சிரிக்காத போது

'கோச்சடையான்' காமெடிப் படம் இல்லை, தெரியும். ஆனா தமிழில் அனிமேஷன் படத்துக்குப் பெரிய அளவில் விமர்சனம் எழுதப்பட்டது அந்தப் படத்துக்குத்தான். அதனால் அதைத் தாண்டிப் போக முடியாது.

2014 மே 23-ல் ரிலீஸ். மே 9-ல் வந்திருக்க வேண்டியது, தள்ளிப்போனது. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கம், கே.எஸ்.ரவிகுமார் எழுத்து, ஏ.ஆர்.ரஹ்மான் இசை. நடிகர்களின் உடல் அசைவை சென்சார்களால் பதிவுசெய்து கம்ப்யூட்டர் உருவத்துக்குக் கொடுக்கும் மோஷன் கேப்சர் முறை. விமர்சனங்களின் சாரம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தது. கதை நல்லா இருக்கு, இசை பிரமாதம், ரஜினி ஸ்டைல் பொம்மையிலும் தெரியுது, ஆனா முகங்கள் உயிரில்லாம இருக்கு, உதடு அசைவு வசனத்தோட ஒட்டலை. கூடவே, 'முதல் முயற்சி என்பதால் மன்னிக்கலாம்' என்ற சலுகையும் பல இடங்களில்.

ஏன் அந்த முகங்கள் உறுத்தின? ஜப்பானிய ரோபோ விஞ்ஞானி மசாஹிரோ மோரி 1970-லேயே இதுக்கு ஒரு விளக்கம் சொல்லியிருக்கார். ஒரு உருவம் மனுஷனை மாதிரி ஆக ஆக நமக்கு அது பிடிச்சுக்கிட்டே வரும். ஆனா 'கிட்டத்தட்ட மனுஷன்' என்ற இடத்துக்கு வந்ததும் சட்டுன்னு ஒரு அருவருப்பு, ஒரு பயம். கல்யாண மண்டப வாசலில் நிற்கும் மெழுகு பொம்மை மாதிரி. முழுசா பொம்மையா இருந்தா சிரிப்போம், முழுசா மனுஷனா இருந்தாலும் சிரிப்போம், ரெண்டுக்கும் நடுவில் மாட்டினா சிரிப்பு வராது.

ஹாலிவுட்டும் இதில் சறுக்கியிருக்கு. 2004 நவம்பரில் ஒரு வார இடைவெளியில் அமெரிக்காவில் ரெண்டு படங்கள் வந்தன. மோஷன் கேப்சரில் எடுத்த 'த போலார் எக்ஸ்பிரஸ்' படத்தில் கண்கள் செத்துப்போன மாதிரி இருக்குன்னு விமர்சகர்கள் எழுதினாங்க. பெரிய தாடை, குச்சிக் காலுன்னு வேணும்னே கேலிச்சித்திரமா வரைஞ்ச 'த இன்கிரெடிபிள்ஸ்' படத்தைத் தலையில் தூக்கி வெச்சுக் கொண்டாடினாங்க. காமெடி அனிமேஷன் பண்றவங்க ஏன் நிஜ முகத்துக்குப் பக்கத்தில்கூடப் போறதில்லைன்னு இப்போ புரியும்.

'கோச்சடையான்'ல நம்மை ரொம்ப யோசிக்க வைக்கிற விஷயம் நாகேஷ். 2009-ல் மறைந்தவரைக் கம்ப்யூட்டர் உருவமா திரும்பக் கொண்டு வந்தாங்க. அவர் பேர் திரையில் வந்தாலே தியேட்டரில் ஒரு சிலிர்ப்பு. ஆனா நாகேஷ் என்றால் என்ன? அந்த ஒல்லி உடம்பு எந்த நொடியில் எந்தப் பக்கம் வளையும்னு யாருக்கும் தெரியாது, அதுதான் நாகேஷ். முகத்தைக் கொண்டு வந்துடலாம், அந்த டைமிங்கைக் கொண்டு வர்றது வேற வேலை. 'நாகேஷ் மாதிரியே இருக்கார்' என்று எழுதினவங்க அளவுக்கு, 'நாகேஷ் மாதிரி சிரிக்க வைச்சாரா' என்று எழுதினவங்க இல்லை.

சிங்கம் சிரிக்கலை, பன்றி சிரிக்க வைச்சது

2019-ல் வந்த 'த லயன் கிங்' மறுபதிப்பு இதுக்கு நேர் தலைகீழ். தொழில்நுட்பத்தில் குறையே சொல்ல முடியாது. ஒவ்வொரு முடியும் நிஜம். ஆனா நிஜ சிங்கத்துக்குப் புருவம் தூக்கத் தெரியாதே! முகத்தில் உணர்ச்சி இல்லைன்னு உலகம் முழுக்க விமர்சகர்கள் குறைப்பட்டாங்க. ராட்டன் டொமேட்டோஸில் பாதிப் பேர்தான் ஓகே சொன்னாங்க. வசூலோ 160 கோடி டாலருக்கு மேல்.

தமிழில் இந்தப் படத்துக்கு வேற ஒரு உயிர் கிடைச்சது. சிம்பாவுக்கு சித்தார்த், ஸ்காருக்கு அரவிந்த் சாமி. பும்பாவுக்கும் டிமோனுக்கும் ரோபோ சங்கரும் சிங்கம்புலியும். ஸாஸூவுக்கு மனோபாலா. ரோபோ சங்கரும் மனோபாலாவும் இன்னைக்கு நம்மோட இல்லை. முகம் செய்யாத வேலையை அந்தக் குரல்கள் செஞ்சது. குழந்தைங்க இங்கே சிரிச்சது சிங்கத்தைப் பார்த்தா, சிங்கம்புலியைக் கேட்டான்னு கேட்டா நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன்.

இதில் ஒரு நுட்பம் இருக்கு. ஹாலிவுட்டில் பெரும்பாலும் குரலை முதலில் பதிவுசெய்து, அதுக்கு ஏத்த மாதிரி முகத்தை அசைப்பாங்க. டப்பிங்கில் தலைகீழ். ஏற்கெனவே அசைஞ்சு முடிச்ச வாய்க்குள்ள தமிழ் ஜோக்கைத் திணிக்கணும். இங்கிலீஷ்ல ஒன்றரை செகண்டில் முடியுற ஜோக்கைத் தமிழிலும் ஒன்றரை செகண்டில் முடிக்கணும், சிரிப்பும் வரணும். அதை எழுதுறவங்க பேரை எத்தனை விமர்சனத்தில் பார்த்திருக்கீங்க?

அந்தத் தக்காளியை நம்பலாமா?

போனில் படம் பேர் தட்டினா முதலில் வர்றது சிவப்புத் தக்காளியோ பச்சைத் தக்காளியோதான். இதைத் தப்பா படிக்கிறவங்க நிறைய பேர். ராட்டன் டொமேட்டோஸ் சதவிகிதம் என்பது மார்க் கிடையாது. எத்தனை விமர்சகர்கள் 'தேறும்' என்று சொன்னாங்க என்ற கணக்கு. பத்துப் பேரும் 'ஏதோ பரவாயில்லை' என்று அஞ்சுக்கு மூணு கொடுத்தாலும் 100 சதவிகிதம் காட்டும். 60 தாண்டினா சிவப்பு, கீழே போனா பச்சைக் கறை, அவ்வளவுதான். சராசரி மார்க் வேணும்னா மெட்டாக்ரிட்டிக் பார்க்கணும். அமெரிக்காவில் முதல் நாள் பார்த்த ஜனங்களிடம் தியேட்டர் வாசலில் கேட்டு ஏ ப்ளஸ் முதல் எஃப் வரை கிரேடு போடுவது சினிமாஸ்கோர்.

அனிமேஷன் காமெடியில் இந்த மூணும் ஒத்துப்போகாத சம்பவங்கள் நிறைய. 2023-ல் வந்த 'த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மூவி' விமர்சகர்களிடம் 60-ஐ ஒட்டித் தடுமாறியது. ஜனங்கள் ஏ கிரேடு கொடுத்தாங்க, வசூல் 130 கோடி டாலரைத் தாண்டுச்சு. 'த பாஸ் பேபி' விமர்சகர்களில் பாதிப் பேரைத்தான் கவர்ந்தது, ஆனா ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலுக்கே போச்சு. மறுபக்கம் 2017-ன் 'த இமோஜி மூவி'. பத்து சதவிகிதம்கூட வாங்கலை. ஆனாலும் 20 கோடி டாலருக்கு மேல் வசூல்.

அப்போ விமர்சகர்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடலாமா? அவசரப்படாதீங்க. லீவில் குழந்தைகளை எங்கேயாவது கூட்டிட்டுப் போகணும், ஓடுற ஒரே குழந்தைப் படம் அதுதான்னா குடும்பங்கள் போவாங்க. வசூல் சொல்றது போனாங்கன்னு மட்டும்தான், சிரிச்சாங்களான்னு இல்லை. 'இமோஜி மூவி'யை யாராவது ரெண்டாவது தடவை பார்த்ததாச் சொன்னா, அவங்களை நான் நேரில் பார்க்க ஆசைப்படுறேன்.

நம்ம ஊர் கணக்கு தனி. ஆனந்த விகடன் '16 வயதினிலே' படத்துக்குக் கொடுத்த 62.5 மார்க்கை இன்னைக்கும் பெரியவங்க சாதனையாச் சொல்வாங்க. நாற்பது சொச்சம் வாங்கினாலே போஸ்டர் அடிக்கிற ஊர் இது. இப்படி கறாரா மார்க் போடத் தெரிஞ்ச மரபு, அனிமேஷனுக்கு மட்டும் ஏன் கருணை மார்க் போடணும்?

ஒரு எலியும் ஒரு விமர்சகரும்

புதுச்சேரிக்காரனா இருந்துட்டு 'ராட்டடூயி' பற்றிப் பேசாம போனா பிரெஞ்சுத் தெருவெல்லாம் கோவிச்சுக்கும். பாரிஸ் ஓட்டல் சமையலறையில் ஒரு எலி சமையல்காரராகும் கதை. பிராட் பேர்ட் இயக்கம், 'இன்கிரெடிபிள்ஸ்' இயக்கிய அதே ஆள். சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரும், 96 சதவிகிதத் தக்காளியும் வாங்கிய படம்.

இதில் வில்லன் மாதிரி வர்றது ஆன்டன் ஈகோ என்ற சாப்பாட்டு விமர்சகர். சவப்பெட்டி வடிவத்தில் அறை, மண்டையோடு மாதிரி டைப்ரைட்டர். குரல் பீட்டர் ஓ'டூல். விமர்சகர்களைக் கிண்டலடிச்ச படத்தை விமர்சகர்களே கொண்டாடினது ஏன்? கடைசியில் ஒரு வாய் காய்கறிக் குழம்பு அந்த மனுஷனை அம்மா சமையலறைக்குக் கொண்டு போயிடும். அதுக்கப்புறம் அவர் ஒரு விமர்சனம் எழுதுவார். சாப்பாடு தனக்கு என்ன செஞ்சதுன்னு எழுதுவார். அப்புறம் அவர் வேலையும் போயிடும். 'இனிமே நாங்கதான்' வந்த அதே 2007-ல் வந்த படம் இது.

இந்த அளவுகோலை நம்ம காமெடி அனிமேஷனுக்கு வெச்சா என்னென்ன கேட்கலாம்? சத்தத்தை அணைச்சுட்டுப் பார்த்தாலும் சிரிப்பு வருதா? கறுப்பு நிழலா காட்டினாலும் யார் எந்த கேரக்டர்னு தெரியுதா? குழந்தை சிரிக்கிற இடத்தில் அப்பா வேற காரணத்துக்காகச் சிரிக்கிறாரா? நிஜ நடிகர் படத்தில் வடிவேலு தடுக்கி விழும்போது கூடக் கொஞ்சம் சேர்த்துப் போட்டுக்குவார். அனிமேஷனில் அப்படி எதுவும் தானா நடக்காது. செகண்டுக்கு 24 ஃபிரேம், ஒவ்வொண்ணும் யாரோ முடிவு பண்ணினது. ஆறு ஃபிரேம் தாமதமானா ஜோக் செத்துடும். 'கிராபிக்ஸ் சுமார்' என்ற வார்த்தைக்குள்ள இதெல்லாம் அடங்குமா?

இப்போ யாருக்கு விருது?

2025 ஜூலையில் வந்த 'மஹாவதார் நரசிம்மா' 300 கோடி ரூபாயைத் தாண்டி, அதிகம் வசூலித்த இந்திய அனிமேஷன் படமாச்சு. இயக்கம் அஷ்வின் குமார். அது பக்திப் படம், தியேட்டரில் கையெடுத்துக் கும்பிட்டவங்களும் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனா இதைப் பார்த்து அடுத்தடுத்து வரப்போற அனிமேஷன் படங்கள் புராணமா இருக்கும், காமெடியா இருக்காது என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

தேசிய விருதிலும் காத்து மாறிடுச்சு. அந்தப் பழைய அனிமேஷன் பிரிவு இப்போ அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் எல்லாம் சேர்ந்த ஒரே பிரிவு. 2022-ம் வருஷப் படங்களில் அதை வாங்கியது 'பிரம்மாஸ்திரா'. 2023-க்கு 'ஹனுமான்'. ரெண்டுமே நிஜ நடிகர்கள் நடிச்ச, கிராபிக்ஸ் நிறைஞ்ச படங்கள். 'கிட்டு'வும் 'இனிமே நாங்கதா'னும் வாங்கின இடத்தில் இப்போ ரன்பீர் கபூரும் தேஜா சஜ்ஜாவும்.

இந்த வேலையைக் கத்துக்கிட்டு ஊரை விட்டுக் கிளம்புற பசங்களுக்கு இது வெறும் விருதுச் செய்தி இல்லை. புதுச்சேரியில் ஆரம்பிக்கிற 'லைஃப் ஆஃப் பை' கதையின் புலி, பெரும்பாலான காட்சிகளில் கம்ப்யூட்டர் புலிதான். அதைச் செஞ்ச ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் ஸ்டுடியோக்கள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அந்தப் புலிக்கு ஆஸ்கர் கிடைச்சது. அதே பிப்ரவரியில்தான் அந்த நிறுவனம் திவால் மனுவும் போட்டிருந்தது.